ஓடாத தேரின் விலை

மிஸ்டர் பீன் என்று சொன்ன மாத்திரத்தில் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எலுமிச்சம்பச்சை நிறத்தில் ஒரு சின்னஞ்சிறிய மினி காரும், அதன் கதவிலே மாட்டுக் கொட்டிலுக்குப் போடுவதுபோல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பூட்டும் கண்முன் வந்து நிற்கும். அந்த வேஷத்தைக் கட்டி உலகத்தைச் சிரிக்கவைத்த ரோவன் அட்கின்ஸன் என்னும் ஆங்கில நடிகர், திரைக்கு வெளியே, தம் சொந்த உபயோகத்துக்கென்று 1997ஆம் ஆண்டில் வாங்கிய வாகனமோ முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. மக்லாரன் எஃப்1 என்பது அதன் பெயர். பந்தயத்துக்கென்று செய்தவற்றையும் சேர்த்து மொத்தம் 106 கார்களே அந்த வகையில் பிறந்தன. மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுகிறவர், சாரட்டு வண்டிக்காரனைப்போல, நட்டநடுவில் அமரவேண்டும். என்ஜினின் உஷ்ணம் காரின் உடலைத் தாக்காமலிருக்க, அந்த அறையின் சுவர்களில் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பவுன். 1998ல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, சாலையில் ஓட்டத்தக்க கார்களிலே அதற்கு ஈடில்லை என்று அது பெயர் பெற்றது.

அட்கின்ஸன் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஓட்டினார். நாற்பத்தோராயிரம் மைல் ஓட்டினார். இரண்டு தடவை மோதியும் விட்டார். 2011ல் நடந்த இரண்டாவது விபத்தில், மழை ஈரம் படிந்த சாலையில் சறுக்கி, மரத்தில் மோதி, தீயும் பற்றிக்கொண்டது. அதைச் செப்பனிட இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பிரிட்டிஷ் பவுன். அதாவது, கார் புதிதாக வந்தபோது அதற்கிருந்த விலையைக் காட்டிலும் அதிகம். இவ்வளவு தொகை கொடுத்து ஒட்டுப்போடுவதைவிட ‘இனிமேல் உபயோகமில்லை’ என்று எழுதித் தள்ளிவிடுவதுதானே இன்ஷூரன்ஸ்காரர் வழக்கம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதற்குள் அந்தக் காரின் மதிப்பு, ரிப்பேர்ச் செலவு அற்பமாகத் தோன்றும் அளவுக்கு ஏறிப்போயிருந்தது. இருமுறை அடிபட்ட அந்தக் காரை 2015ல் அவர் 80 லட்சம் பவுனுக்கு விற்றார். 2021ல் கலிபோர்னியாவில், அதே இனத்தைச் சேர்ந்த, அதிகம் ஓடாத மற்றொரு கார் 2 கோடியே 4 லட்சம் டாலரையும் தாண்டி ஏலம் போயிற்று.

பழைய கார் வாங்கிப் பழக்கமுள்ளவர்களுக்கு இது தலைகீழான சாஸ்திரமாகத் தோன்றும். புதுக் கார் ஷோரூம் வாசற்படியைத் தாண்டிய கணத்திலேயே விலையில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது என்பது நாம் கண்கூடாகக் கண்ட உண்மை. அதன் பிறகு அதை விற்கப் போனால், ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டியா, டிராவல்ஸில் ஓடிய வண்டியா’ என்று வருகிற தரகர் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தாயிரம் பத்தாயிரமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டயரை ஓர் உதை உதைத்து, நம்மிடம் பரிதாபப்பட்டு வாங்கிக்கொள்வதாகப் பாவனை செய்வார். உலகத்தில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கதி இதுதான். ஆனால் எண்ணிக்கையை வரையறுத்து, லிமிடெட் எடிஷன் என்ற முத்திரையோடு, சில நூறு மட்டும் செய்து நிறுத்திவிடுகிற வேகக் கார்களின் உலகத்தில், வயது ஏற ஏற விலையும் ஏறுகிறது; அதுவும் சில சமயங்களில், வாங்கியவர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே ஏறுகிறது.

தமிழிலே ‘அருமை’ என்ற சொல்லுக்குக் கிடைத்தற்கரியது என்றும் பொருள், உயர்ந்தது என்றும் பொருள். இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் அன்றாடப் பேச்சு மறந்துவிட்டது. இந்தக் கார் வியாபாரமோ, அந்த மறதியை மூலதனமாக வைத்து நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம். தானாக நேர்ந்த அருமை ஒன்று. திட்டமிட்டு உண்டாக்கிய அருமை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை அறிந்துகொள்ள, இத்தாலிய தேசத்து மாரனெல்லோ என்ற ஊருக்குச் சற்றுப் போய்வரவேண்டும்.

அங்கே என்ஸோ ஃபெராரி என்பவர், பந்தயத்தில் ஜெயிப்பதற்காகக் கார் செய்து, பந்தயச் செலவுக்காக அவற்றில் சிலவற்றைத் தனவந்தர்களுக்கு விற்றுவந்தார். அவர் 1962க்கும் 1964க்கும் இடையில் 250 ஜிடிஓ என்ற காரைச் செய்தார். ஜிடிஓ என்பதன் கடைசி எழுத்து, பந்தய விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்டது என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. வாஸ்தவத்தில் அந்த விதிகளின்படி ஒரு வகையில் நூறு கார்களாவது செய்திருந்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். ஃபெராரியோ, இது புதிய கார் அல்ல, முன்பே செய்துவந்த காரின் சிறிய திருத்தந்தான் என்று சாதித்து, 36 கார்களோடு நிறுத்திக்கொண்டார். விலையை ஏற்றவேண்டும் என்ற உத்தேசம் அதில் லவலேசமும் இல்லை. பந்தயத்துக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் அதன் அன்றைய விலை சுமார் 18,000 டாலர். பணம் இருந்தாலும், இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று என்ஸோவோ அவருடைய பிரதிநிதியோ சம்மதித்தாலொழியக் கிடைக்காது.

பந்தயக் காரின் ஆயுள் பட்டாசுக் கடையின் ஆயுளைப் போன்றது; பருவம் முடிந்தால் சீந்துவாரில்லை. நாலைந்து வருஷத்தில் ஜிடிஓக்கள் பழசாயின. அவற்றில் ஒன்று, டெக்ஸாஸ் மாகாணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு, பையன்கள் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று தானமாகக் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடம் அதை 1972ல் 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர் அதை ஒஹையோ மாகாணத்தில் ஒரு வெட்டவெளியில், டிரெய்லர் வண்டியின் மேலேயே, வெயிலிலும் பனியிலும் பல ஆண்டுக் காலம் கிடக்க விட்டுவிட்டார். புல் முளைத்த அந்த நிலத்தின் வழியாகப் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்களில் ஒருவர் நின்று விலை பேசியிருந்தால், என்று எண்ணிப் பெருமூச்சு விடுவது கார் அபிமானிகளிடையே ஒரு நித்திய கர்மம்.

ஏனெனில் அந்த ஜிடிஓ இனத்தில் ஒன்று, 2014ல் 3 கோடியே 81 லட்சம் டாலருக்கும், வேறொன்று 2018ல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கும், மற்றொன்று 2023ல் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கும் ஏலத்தில் போயின. 2019ல் போலோனா நகரத்து நீதிமன்றம், இந்தக் காரின் உருவம் ஒரு கலைப்படைப்பு, அதைப் பார்த்து நகல் செய்து விற்கலாகாது என்றே தீர்ப்பளித்துவிட்டது. சிற்பத்துக்கும் சித்திரத்துக்கும் உரிய அந்தஸ்தைச் சட்டமே ஒரு காருக்கு வழங்கியபின், அதன் விலையைப் பெட்ரோலோடும் மைலேஜோடும் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் விலை ஒரே சீராக ஏறிற்று என்று எண்ணிவிடக்கூடாது. 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானார். இனி அவர் கையால் ஒப்புதல் பெற்ற கார் வராது என்ற செய்தியும், ஜப்பானிலே நிலமும் பங்குகளும் தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த காலமும் ஒன்றாகச் சேர்ந்தன. சந்தையில் ஒரு வெறி பிடித்தது. ஜிடிஓவின் விலை ஒரு கோடி டாலரைத் தாண்டிற்று. ஜப்பானின் குமிழி உடைந்தவுடன், நாலைந்து ஆண்டுகளுக்குள், அதே கார் அந்த விலையில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் பலர் அப்பொழுது கையைச் சுட்டுக்கொண்டார்கள். இன்று ‘இந்தக் கார்களின் விலை ஏறத்தான் செய்யும், இறங்காது’ என்று ஆசை காட்டுகிற தரகர்கள் அந்த அத்தியாயத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

அந்த வெறியின் நடுவே பிறந்த குழந்தை ஃபெராரி எஃப்40. என்ஸோ உயிரோடிருக்கும்போது அவர் முன்னிலையில் 1987ல் அறிமுகமான கடைசிக் கார் அதுதான். விலை சுமார் நான்கு லட்சம் டாலர் என்றவுடன், உள்ளே ராஜபோகம் காத்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். கதவைத் திறந்தால், தரையில் விரிப்புக் கிடையாது. ரேடியோ கிடையாது. உள்ளிருந்து கதவைத் திறக்கக் கைப்பிடியுங்கூடக் கிடையாது. ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்து இழுக்கவேண்டும், அவ்வளவே. முதலில் வந்த கார்களில் ஜன்னல் பிளாஸ்டிக் பலகை. பஸ் கண்ணாடியைப்போல நகர்த்திக்கொள்ளவேண்டும். எடை கூடிவிடுமே என்று பெயிண்டைக்கூட மெல்லியதாகவே பூசினார்கள். அதனால், வெயிலில் நிறுத்திச் சற்றுச் சாய்ந்து பார்த்தால், சிவப்பு வர்ணத்துக்கு அடியில் கார்பன் நாரின் பின்னல், நல்ல பாயின் கோரை வரிசைபோல, தெளிவாகத் தெரியும். இன்று எஃப்40 வாங்க வருகிற விஷயஞானிகள் முதலில் குனிந்து தேடுவது இதைத்தான். பின்னல் தெரிந்தால் தொழிற்சாலையில் பூசிய மூல வர்ணம், வழவழவென்று மூடியிருந்தால், யாரோ எங்கோ அடிபட்டதை மறைத்து மறுபடி பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகம், விலையும் இறங்கிவிடும். தொழில் நேர்த்தியில் குறை என்று அன்று சொல்லத்தக்க ஒன்று, இன்று கற்புக்குச் சாட்சியாகிவிட்ட விநோதத்தை என்னவென்பது!

எஃப்40ஐ நானூறு மட்டும் செய்வதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் கிராக்கியைக் கண்டதும் கம்பெனி தயாரித்துக்கொண்டே போயிற்று. முடிவில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் வந்துவிட்டன. அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள் போலும். அடுத்து வந்த எஃப்50 என்ற காரை 349 மட்டும் செய்தார்கள். 350 பேர் வாங்குவார்கள் என்று கணக்கிட்டோம், ஆகையால் ஒன்று குறைத்துச் செய்தோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். சந்தை கேட்பதைவிட எப்பொழுதும் ஒரு கார் குறைவாகவே கொடுக்கவேண்டும் என்ற கொள்கை என்ஸோவுடையதென்று சொல்லப்படுவதுண்டு; கிழவர் அதை வியாபார தந்திரமாகச் சொன்னாரோ, வேடிக்கையாகச் சொன்னாரோ, அவருக்குப் பின் வந்தவர்கள் அதை வேதவாக்காக ஏற்றுக்கொண்டார்கள். 2024ல் அறிவிக்கப்பட்ட எஃப்80 என்ற கார், ஒன்றின் விலை 36 லட்சம் யூரோவாக, 799 மட்டும் செய்யப்படும் என்றார்கள்.

திட்டமிட்ட அருமை என்று நான் சொன்னது இதைத்தான். இங்கே எண்ணிக்கை பந்தயத்தின் தேவையால் வந்ததன்று. கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. இப்படிப்பட்ட கார் வேண்டுமென்றால் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனால் போதாது. கம்பெனி அழைக்கவேண்டும். அழைப்பு வருவதற்கு, அதற்கு முன்னால் சாதாரண ரகங்களில் பல கார்களை வாங்கி, நல்ல வாடிக்கையாளர் என்ற பெயரெடுத்து, விசுவாசமாக நடந்துகொண்டிருக்கவேண்டும். கோவிலில் முதல் மரியாதைக்குக் காத்திருக்கும் குடும்பங்களைப்போல இதிலும் ஒரு வரிசையும் பரம்பரையும் உண்டு, மனஸ்தாபங்களும் உண்டு. வாங்கியவர் உடனே விற்று லாபம் பார்த்துவிட்டால் அடுத்த அழைப்பு வராமற்போகலாம் என்ற பயம், எழுதாத சட்டமாகவே இருந்து வருகிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி அதை எழுதின சட்டமாகவே ஆக்கிற்று. 2016ல் ஃபோர்டு ஜிடி என்ற கார் ஐந்நூறுக்கு விண்ணப்பங்கள் கேட்டபோது, ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர் மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டு கூச்சலிட்ட அதே மனிதர். அவர் காரைப் பெற்றுச் சில வாரங்களுக்குள் விற்றுவிட்டார். கம்பெனி வழக்குத் தொடுத்தது, 2018ல் சமரசமாயிற்று, சமரசத் தொகை தர்ம காரியத்துக்குப் போயிற்று. சுமார் நாலரை லட்சம் டாலருக்குக் கம்பெனி விற்ற அதே ரகக் கார் ஒன்று, அந்த ஆண்டிலேயே ஏலத்தில் பதினெட்டு லட்சம் டாலரைத் தொட்டது. எத்தனை பெரிய மல்லனும் சஞ்சலப்படத்தக்க வித்தியாசந்தான்!

இந்த மாதிரி அருமைக்கு உள்ள பலவீனம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2016ல் ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி, 911 ஆர் என்ற காரை 991 மட்டும் செய்து, ஏறத்தாழ 1 லட்சத்து 85 ஆயிரம் டாலர் என்று விலை வைத்தது. தானியங்கி கியரே எங்கும் ஆட்சி செய்யும் காலத்தில், காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியர் போடுகிற பழைய சுகத்தை அதில் வைத்திருந்தார்கள். சில மாதங்கள் செல்வதற்குள், வாங்கிக் கைமாற்றுகிறவர்கள் நாலைந்து மடங்கு விலை கேட்கலானார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி, தன் மற்றொரு காரான ஜிடி3யிலும் அதே கைக்கியரைக் கொடுக்க ஆரம்பித்தது, அதுவும் வரையறையில்லாமல். 911 ஆரின் விலை பொதுக்கென்று இறங்கிவிட்டது. செய்தவன் கையிலேயே அருமையின் சாவி இருக்கும்போது வாங்கியவனின் செல்வம் அவன் தயவில் நிற்கிறது. 250 ஜிடிஓவை இனி எவராலும் முப்பத்தேழாவதாகச் செய்ய முடியாது.

கம்பெனிகள் வரையறுத்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றே ஒன்று கூடுதலாகச் செய்வதும் உண்டு. அது தர்மத்தின் பெயரால். லாஃபெராரி என்ற கார் 499 என்று சொல்லி முடித்தபின், இத்தாலியில் பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காக ஐந்நூறாவது கார் ஒன்றைச் செய்து, 2016ல் 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். 2025 ஆகஸ்டில், டேடோனா எஸ்பி3 என்ற காரின் ஒரு கூடுதல் பிரதி 2 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. இவ்வகையில் நமக்கு நெருங்கியது வேறொன்று. 399 மட்டும் செய்வதாக அறிவித்த என்ஸோ என்ற காரின் நானூறாவது பிரதியைப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்குக் காணிக்கையாக்கினார்கள். அவர் அதை விற்று, சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும்படி சொன்னார். 2004 டிசம்பர் 26ஐ நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் மறக்குமா? 2005 ஜூனில், போப்பாண்டவர் மறைந்து சில மாதங்களுக்குள், அது ஒன்பதரை லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. அதே கார் 2015ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது கிடைத்த விலை 60 லட்சத்து 50 ஆயிரம் டாலர். முதல் விலை துயருற்றவர்களுக்குப் போயிற்று. பத்தாண்டு இடைவெளியில் ஏறிய லாபம் கார்க் கொட்டகையின் சொந்தக்காரருக்கு.

இவை ஏன் இப்படி ஏறுகின்றன என்று கேட்டால், பொருளாதார சாஸ்திரிகள் வட்டி விகிதம் குறைந்திருந்த ஆண்டுகளையும், உலகில் பெருத்துவிட்ட கோடீஸ்வரர் தொகையையும் காட்டுவார்கள், அது சரிதான். பிரிட்டனில் கார் என்பது தேய்ந்து அழிந்துபோகிற பொருள் என்று சட்டம் கருதுவதால், அதை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன லாப வரி கிடையாது. பங்கு விற்றால் வரி, கார் விற்றால் வரியில்லை என்றிருக்கும்போது, தேய்மானப் பொருளென்று சட்டம் சொன்ன ஒன்றைத் தேயாமல் பார்த்துக்கொள்ளப் பணக்காரர்கள் பாடுபடுவதில் வியப்பென்ன? அமெரிக்காவில் மற்றொரு விதி: அந்நாட்டின் பாதுகாப்பு, புகை விதிகளுக்கு உட்படாத வெளிநாட்டுக் கார், இருபத்தைந்து வயதானபின்தான் தாராளமாக உள்ளே வரலாம். பில் கேட்ஸ் ஆசைப்பட்டுத் தருவித்த போர்ஷே 959 கார், சுங்கக்காரர்களின் கிடங்கில் பதின்மூன்று ஆண்டுகள் கிடந்தது. பின்னாளில் உலகத்தின் முதற் செல்வந்தரானவர் காரை வாங்கிவிட்டார், ஓட்ட முடியவில்லை! பிறகு, கண்காட்சிக்கு உரிய அபூர்வக் கார்களை ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேற்படாமல் ஓட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஒரு கார் இருபத்தைந்தாவது வயதை நெருங்கும்போது, அமெரிக்கப் பணம் வாசலில் காத்து நிற்பதால், விலை ஏறுவது சகஜம்.

ஆனால் இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் பத்து வயதுப் பையனின் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1990ல் எஃப்40 படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு தூங்கிய பையன், இன்று நாற்பத்தைந்து வயதில், ஒரு வியாபாரத்தை விற்றுப் பணத்தோடு நிற்கிறான். அவன் வாங்குவது இரும்பையும் கார்பனையும் மாத்திரமன்று. இவன் தகப்பனார் தலைமுறை 1960களின் கார்களுக்கு அள்ளிக்கொடுத்தது. இவன் தலைமுறை எஃப்40க்கும் மக்லாரனுக்கும் கொடுக்கிறது. மின்சாரக் கார்கள் சப்தமில்லாமல் வந்துகொண்டிருக்கிற காலத்தில், கர்ஜிக்கிற பெட்ரோல் என்ஜினும் கைக்கியரும் இனிமேல் வரா என்ற எண்ணம் சேர்ந்து, அந்தப் பாசத்துக்கு அவசரத்தையும் கொடுத்துவிட்டது.

வாங்கியபின் படும் அவஸ்தை தனி. எஃப்40இன் பெட்ரோல் டாங்கி, விமானங்களில் உள்ளதுபோன்ற ரப்பர்ப் பை; ஓடினாலும் ஓடாவிட்டாலும் பத்தாண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். மக்லாரன் எஃப்1இன் கதை இன்னும் ருசிகரமானது. அதன் மூளையோடு பேசக்கூடியது 1990களில் வந்த ஒரு காம்பாக் மடிக்கணினி மட்டுமே என்பதால், கம்பெனியின் பணிமனையில் அந்தப் பழங்காலக் கணினிகளைப் பத்திரப்படுத்தி, பழுதானால் மாற்றுவதற்கு அதே ரகத்தைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தார்கள் என்ற செய்தி 2016ல் வெளியாயிற்று. பழைய கடைக்காரன்கூட எடைக்கு எடுத்துக்கொள்ளத் தயங்குகிற ஒரு கணினியை நம்பி, கோடி டாலர்க் கார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது!

இதையெல்லாம் பார்த்தால், ஓட்டாமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று பலர் முடிவு செய்வதில் ஆச்சரியமில்லை. நவீனகால லிமிடெட் எடிஷன் காருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் நஷ்டம். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், ஈரப்பதம் அளந்து விடப்பட்ட அறையில், பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்குள் மீட்டரை நிறுத்திவைத்த கார்களே ஏலத்தில் கொழுத்த விலைக்குப் போகின்றன. நம் ஊர்த் தேர்கூடத் தகரக் கொட்டகைக்குள் பதினொரு மாதம் நின்றாலும் ஒருநாள் வடம் பிடித்து வீதிவலம் வந்துவிடுகிறது. இவற்றுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. இதற்கு நேர்மாறாக, பிங்க் ஃப்ளாய்டு இசைக் குழுவின் நிக் மேஸன் 1977ல் சுமார் 37,000 பவுனுக்கு வாங்கிய 250 ஜிடிஓவைப் பழங்கார்ப் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். அதன் மேலுள்ள ஒவ்வொரு வடுவுக்கும் ஒரு சரித்திரம் இருப்பதால், வடுவினால் விலை குறைவதில்லை. எனக்கு ஓட்டு கொடுத்தால் மேஸன் பக்கமே போடுவேன். ஆனால் கணக்குப்பிள்ளைகள் என் பக்கம் இரார்.

நம் நாட்டில் இந்தக் காய்ச்சல் பரவாததற்குச் சுங்க வரி மட்டும் காரணமன்று. இங்கே இறக்குமதியாகும் கார் வலப்பக்க ஸ்டியரிங் உள்ளதாயிருக்கவேண்டும் என்பது விதி. எஃப்40 அநேகமாக எல்லாமே, லாஃபெராரி முழுவதுமே, இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. ஆகவே அம்பானிக்கே ஆசை வந்தாலும் லாஃபெராரியை மும்பைச் சாலையில் முறைப்படி பதிவு செய்து ஓட்ட வழியில்லை.

உலகத்தில் ஒரு காருக்கு ஏலத்தில் கிடைத்த விலைகளுள் இன்றுவரை பேசப்படுகிற உச்சம், ஃபெராரிக்கு உரியதன்று. 1955ல் மெர்ஸிடிஸ் கம்பெனியின் என்ஜினீயர் ருடால்ஃப் உலன்ஹாவுட், பந்தயத்துக்கென்று 300 எஸ்எல்ஆர் என்ற காருக்குக் கூரை போட்டு இரண்டு கார்கள் செய்தார். அந்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, பிரான்சில் லெ மான் பந்தயத்தில், அக்கம்பெனியின் திறந்த கார் ஒன்று ஜனத்திரளுக்குள் சிதறிப் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வாண்டின் முடிவில் கம்பெனி பந்தயத்தை விட்டே விலகிற்று. உலன்ஹாவுட்டின் இரண்டு கார்களும் ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. மனிதர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரிய சைலன்சர் ஒன்றைப் பொருத்தி, ஆபீஸ் காராக ஓட்டித் திரிந்தார். 2022 மே மாதத்தில் ஸ்டுட்கார்ட் நகரத்தில், அழைக்கப்பட்ட சிலர் மட்டும் கூடிய ஏலத்தில், கம்பெனி அந்த இரண்டில் ஒன்றை 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்று, பணத்தை மாணவர் உதவித்தொகைக்கு ஒதுக்கிற்று. மற்றொன்றை விற்கவில்லை. அது ஸ்டுட்கார்ட்டில் அவர்களுடைய மியூசியத்துக்கே உரியதாக இருக்கிறது. ஜெர்மனிப் பக்கம் போகிற வாசகர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.